கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: புத்தாக்கத்துக்கு வேண்டிய அறிவைத் தேடிப் பேணும் முறை

“இனிமேல் நம் நிறுவனத்தின் அறிவு மேலாண்மையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. அதில் ‘புத்தாக்கம்’ என்ற சொல் மூன்று இடத்திலாவது இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எங்கும் இருக்காது. நிறுவனத்துக்கு வேண்டிய அறிவைத் தேடிச் சேர்த்துப் பயன்பட வைக்கும் இப்படி ஒரு பொறுப்பு புதிதாகத் தலையில் விழுந்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பலரும் உடனே ஒரு மென்பொருளை வாங்குவார்கள். அடுத்து, “உங்களிடம் உள்ள ஆவணங்களையெல்லாம் ஏற்றுங்கள்” என்று எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை போகும். ஆறு மாதத்தில் கோப்புகள் மலைபோல் குவிந்துவிடும். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இதுதான் இறுதி’ என்று ஒரே அறிக்கை மூன்று பெயரில் கிடக்கும். தேடிப் பார்த்தவர் இரண்டு தடவை ஏமாந்ததும், பழையபடி பக்கத்து மேசைக்காரரிடமே போய்க் கேட்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்தக் கிடங்குகளுக்கு அப்படியே பொருந்தும்.

நடைமுறையில் ஓடுகிற வழி இதற்குத் தலைகீழ். முதலில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அதற்குப் பதில் வேண்டி யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும். தேடுவதும் சேர்ப்பதும் அதற்கு அப்புறம்தான்.

1. கேள்விகளைத் திரட்டுங்கள்

முதல் இரண்டு வாரம் எந்த ஆவணத்தையும் தொடாதீர்கள். ஆட்களைப் போய்ப் பாருங்கள். பொருளைச் செய்பவர்கள், அதை விற்றுப் பழுது பார்ப்பவர்கள், பணம் ஒதுக்குபவர்கள் என்று ஒவ்வொரு தரப்பிலும் நாலைந்து பேர் போதும். “உங்களுக்கு என்ன அறிவு தேவை?” என்று கேட்டால் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். “ஏதோ ஒன்று தெரியாததால் எந்த முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “ஏற்கெனவே யாரோ செய்து முடித்தது தெரியாமல் மறுபடி செய்த வேலை எது?” என்று கேளுங்கள். கொட்டித் தீர்ப்பார்கள்.

வருகிற கேள்விகளைக் கொஞ்சம் செதுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை தயாரிக்கும் ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். “பையின் தரத்தை உயர்த்துவது எப்படி?” என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அதைக் கேள்வி என்று சொல்ல முடியாது, அது ஆசை. அதையே, “காற்றில் ஈரம் அதிகமான நாட்களில், இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது, பையின் ஒட்டு ஏன் ஓரத்தில் மட்டும் பிரிகிறது?” என்று மாற்றிப் பாருங்கள். இப்போது யாரைக் கேட்பது, எங்கே தேடுவது, எதைச் சோதிப்பது எல்லாம் தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பதிலுக்காகக் காத்திருப்பவரின் பெயர், எப்போதைக்குள் வேண்டும், இதுவரை என்ன முயன்றார்கள், பதில் கிடைத்தால் என்ன மாறும் என்பதை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு விடை வரவில்லையென்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடலாம். தொடக்கத்துக்கு ஐந்து கேள்வி போதும். ஒரு சாதாரண எக்செல் தாள் இதற்குத் தாராளம்.

2. யாருக்குத் தெரியும் என்று கண்டுபிடியுங்கள்

நிறுவன அமைப்பு வரைபடத்தைப் பார்த்து ஆளைத் தேடாதீர்கள். பதவியும் அறிவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கட்டாயம் இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் காட்டி, “இதில் மாட்டிக்கொண்டால் யாருக்கு போன் போடுவீர்கள்?” என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் அவர்கள் மேலாளர்களாக இருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் ஆலன் என்ற ஆய்வாளர், பொறியாளர்கள் ஒருவரோடு ஒருவர் எவ்வளவு அடிக்கடி வேலை விஷயம் பேசுகிறார்கள் என்று அளந்து பார்த்தார். 1970களில் அவர் வெளியிட்ட முடிவின்படி, இருக்கைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது. சுமார் 50 மீட்டரைத் தாண்டிவிட்டால் வாரம் ஒருமுறை பேசிக்கொள்வதே அரிது. ஆலன் இன்னொன்றையும் கவனித்தார். ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் சிலர் வெளியுலகத்தில் நடப்பதைப் படித்தும் பேசியும் தெரிந்துகொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்கிறார்கள். வாயில்காப்போர் என்று அவர்களைக் குறிப்பிட்டார். உங்கள் நிறுவனத்திலும் அப்படி இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களோடு பழகிக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது.

ஆட்களைத் தவிர, நிறுவனத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்காத சில இடங்களும் உண்டு. வாடிக்கையாளர் புகார்ப் பதிவு, பழுது பார்க்கப் போனவர்களின் வேலைச் சீட்டு, தோற்றுப்போன சோதனைகளின் குறிப்பு, கிடைக்காமல் போன ஒப்பந்தங்களின் கோப்பு. தோல்விக் குறிப்புகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தனியாகவே விசாரியுங்கள். வென்ற கதைகள் தாமாகவே உங்கள் காதுக்கு வந்துவிடும்.

3. கையில் இருப்பதைச் சொல்லுக்குக் கொண்டுவாருங்கள்

இந்த வேலையிலேயே கடினமானதும் சுவையானதும் இந்தப் படிதான். திறமைசாலியிடம் போய் “எப்படிச் செய்கிறீர்கள்?” என்றால், “அது அப்படித்தான், பழகப் பழக வந்துவிடும்” என்பார். அவர் மறைக்கவில்லை. மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லில் வருவதில்லை. மைக்கேல் போலானி என்ற சிந்தனையாளர் 1960களிலேயே இதை விரிவாகப் பேசியிருக்கிறார்.

ஜப்பானில் மாட்சுஷிடா (இன்றைய பானசோனிக்) 1980களின் நடுவில் வீட்டிலேயே ரொட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றபோது இதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. மேலே கருகியும் உள்ளே வேகாமலும் ரொட்டி வந்தது. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்த ரொட்டிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்-ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் உருவாக்குநர் ஒரு யோசனை சொன்னார். ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் ரொட்டிக்கு அந்த நகரிலேயே நல்ல பெயர். அங்கே தலைமை ரொட்டிக்காரரிடம் அவரே போய் வேலை பழகினார். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த மனிதர் மாவை இழுக்கும்போதே ஒரு முறுக்கும் கொடுத்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகமே. பொறியாளர்களோடு சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருடம் போராடி, இயந்திரத்தின் உட்புறத்தில் சிறு முகடுகளை வைத்து அந்த முறுக்கைக் கொண்டுவந்தார்கள். 1987இல் இயந்திரம் கடைக்கு வந்தது. இகுஜிரோ நோனாகா என்ற ஜப்பானிய மேலாண்மை ஆய்வாளர் இந்தக் கதையை எழுதிய பிறகு இது துறை முழுவதும் பரவிவிட்டது.

எல்லோராலும் ஒருவரை அனுப்பி மாதக்கணக்கில் வேலை பழகவைக்க முடியாது. ஒரு நாள் கிடைத்தால் இதைச் செய்யுங்கள். காலையில் அவர் வேலை செய்வதைக் குறுக்கிடாமல் பாருங்கள். பிறகு, அந்த வேலை அரைகுறையாகத் தெரிந்த புதியவர் ஒருவரைச் செய்யச் சொல்லி, திறமைசாலியைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். புதியவர் எங்கே கைவைத்ததும் அவர் “ஐயையோ, அப்படி இல்லை” என்கிறாரோ, அந்த இடம்தான் நீங்கள் தேடி வந்தது. உடனே குறித்துக்கொள்ளுங்கள். நம் பை ஆலையில் ஒருவர், “ஒட்டும் தாடையை (ஃபிலிமைச் சூடாக அழுத்தி ஒட்டும் பகுதி) தொடும் முன் ஃபிலிம் சுருளை விரலால் சுண்டிப் பாருங்கள்” என்று சொல்லக்கூடும். எதற்கு என்று விசாரித்தால், சுருள் ஈரம் வாங்கியிருந்தால் சத்தம் மந்தமாக வரும் என்பார். எந்தக் கையேட்டிலும் அது இருக்காது.

மாலையில் உட்கார்ந்து பேசும்போது பொதுவான கேள்வியை விட்டுவிடுங்கள். “கடைசியாக இது சொதப்பியது எப்போது? முதலில் எதைப் பார்த்தீர்கள்? எதைப் பார்த்து அது காரணம் இல்லை என்று விட்டுவிட்டீர்கள்? எந்தச் சூழ்நிலையில் இந்த வழியில் போகவே மாட்டீர்கள்?” இப்படிக் கேளுங்கள். இறுதிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் பெரும்பாலும் அதிக மதிப்புள்ளது.

ஓய்வு பெறப்போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி வாரத்தில், வழியனுப்பு விழாவுக்கு நடுவில், “தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள்” என்பது வெறும் சம்பிரதாயம். ஒரு வருடம் முன்னதாகவே பக்கத்தில் ஆள் போட வேண்டும்.

4. சிறிதாக, பெயரோடு பதிவு செய்யுங்கள்

ஜெராக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் இங்கே உதவும். நகல் இயந்திரம் பழுது பார்ப்பவர்களோடு ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் கூடவே போய்ப் பார்த்தார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? சாப்பிடும்போதும் ஓய்வு நேரத்திலும் ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான். அந்தக் கதைகளைப் பிடித்துவைக்க 1990களில் ‘யுரேகா’ என்ற அமைப்பு உருவானது. ஒருவர் குறிப்பு அனுப்புவார். அதே வேலை செய்யும் அனுபவசாலிகள் அதைச் சரிபார்ப்பார்கள். தேறினால் எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்குப் பணப் பரிசு கொடுப்பதைவிடப் பெயர் போட்டுப் பெருமைப்படுத்துவதுதான் அங்கே வேலை செய்தது. எனக்கு இதில் வியப்பில்லை. பணம் கொடுத்தால் எண்ணிக்கை ஏறும், பெயர் போட்டால் தரம் ஏறும்.

நீங்களும் ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு அட்டையிலிருந்து தொடங்கலாம். பை ஆலைக்கு ஒரு மாதிரி:

தலைப்பு: ஈரமான நாளில் பையின் ஓரம் பிரிவது
எப்போது: கிடங்கிலிருந்து சுருள் நேராக இயந்திரத்துக்கு வரும்போது, முழு வேகத்தில் மட்டும்
காரணம் என்று நினைப்பது: சுருளின் ஓரம் ஈரம் வாங்குகிறது (உறுதியாகச் சோதிக்கவில்லை)
செய்தது: சுருளை முந்தின நாளே இயந்திர அறையில் வைத்தோம்; பிரிவது நின்றது
பலிக்காதது: தாடையின் வெப்பத்தைக் கூட்டியது, ஃபிலிம் சுருங்கிவிட்டது
சொன்னவர், சரிபார்த்தவர், தேதி, மறுபடி பார்க்க வேண்டிய தேதி

இதில் ‘உறுதியாகச் சோதிக்கவில்லை’ என்பதையும் ‘பலிக்காதது’ என்ற வரியையும் யார் கேட்டாலும் எடுத்துவிடாதீர்கள். புதிய யோசனை பெரும்பாலும் இந்த இரண்டு வரியிலிருந்துதான் கிளம்பும். தலைப்பைப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டவர் தேடும் சொல்லில் வையுங்கள். ‘ஒட்டுத்தர மேம்பாட்டு அறிக்கை’ என்று வைத்தால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மென்பொருள்? விக்கி, பகிர்ந்த கோப்புறை, ஏற்கெனவே நிறுவனத்தில் ஓடுகிற ஏதாவது ஒன்று. ஐம்பது அட்டை சேரும்வரை அதைப் பற்றி யோசிக்காதீர்கள். உங்கள் ஆவணங்களைப் படித்துப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்துவிட்டன, உண்மையிலேயே வசதிதான். ஆனால் காலாவதியான மூன்று கோப்புகளைக் கொடுத்தால், அந்தப் பழைய தகவலையே அழகான நடையில் சொல்லும். தேதியும் பொறுப்பாளர் பெயரும் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

5. வெளியே தேடுங்கள், ஆனால் கேள்வியை உரித்துவிட்டு

உள்ளே பதில் இல்லை என்று தெரிந்தபின் வெளியே போகலாம். அப்போது கேள்வியில் ஒட்டியிருக்கும் உங்கள் தொழிலின் சொற்களை உரித்தெடுங்கள். ‘பை’, ‘தாடை’, ‘சுருள்’ எல்லாம் போய், “ஈரம் வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை வேகமாக ஒட்டுவது எப்படி?” என்று ஆகட்டும். உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதவருக்கும் இப்போது அது புரியும்.

இதன் பலனுக்கு ஒரு நல்ல சான்று உண்டு. எலி லில்லி மருந்து நிறுவனம் 2001இல் தொடங்கிவைத்த இன்னோசென்டிவ் என்ற தளம், நிறுவனங்களின் தீராத சிக்கல்களைப் பொதுவில் வைத்துப் பரிசு அறிவித்துவந்தது. கடலில் சிந்திய எண்ணெய் பற்றி ஆராயும் அலாஸ்கா அமைப்பு ஒன்று அங்கே வந்தது. கடும் குளிரில் அள்ளிய எண்ணெய் கூழாக இறுகிவிடுகிறது, படகிலிருந்து வெளியேற்ற முடியவில்லை என்பது சிக்கல். 2007இல் 20,000 டாலர் பரிசை வாங்கிக்கொண்டு போனவர் எண்ணெய்த் துறையைச் சேர்ந்தவரே இல்லை. கான்கிரீட் கொட்டும்போது அது இறுகாமல் இருக்க அதிர்வூட்டும் கருவியைப் பார்த்திருந்த வேதியியலாளர். அதே அதிர்வு எண்ணெய்க்கும் சரிப்பட்டது.

ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும் பிரிங்கிள்ஸ் உருளை வறுவலின் மேல் படமும் எழுத்தும் அச்சிட நினைத்தபோது, சொந்தமாக ஆராய்ச்சி தொடங்காமல், சிக்கலை ஒரு குறிப்பாக எழுதி ஐரோப்பாவில் தன் தொடர்பு வலையில் சுற்றவிட்டது. பதில் இத்தாலியின் போலோன்யா நகரில் கிடைத்தது. அங்கே ஒரு பேராசிரியர் நடத்திய சிறு ரொட்டிக்கூடத்தில், உண்ணக்கூடிய மையால் கேக்கின் மேல் படம் அச்சிடும் முறை ஏற்கெனவே இருந்தது. 2004இல் வறுவல் சந்தைக்கு வந்துவிட்டது.

தேட வேண்டிய இன்னொரு இடம், உங்கள் சிக்கலையே இன்னும் கடுமையான வடிவில் அனுபவிப்பவர்கள். எம்.ஐ.டி.யின் எரிக் வான் ஹிப்பெல் இவர்களை முன்னோடிப் பயனர்கள் என்கிறார். 3எம் நிறுவனம் 1990களில் அறுவை சிகிச்சைத் தொற்றைத் தடுக்கும் முறைகளைத் தேடியபோது மருத்துவமனைகளோடு நிற்கவில்லை. ரோமமுள்ள, குளிக்காத நோயாளிகளைக் கையாளும் கால்நடை மருத்துவர்களிடமும், தோலில் எதையும் உறுத்தாமல் ஒட்டத் தெரிந்த ஒப்பனைக் கலைஞர்களிடமும் போனது.

காப்புரிமை ஆவணங்களைப் பலர் வக்கீல் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவை இலவசத் தொழில்நுட்ப நூலகம். பெரும்பாலான நாடுகளில் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 18 மாதத்தில் விண்ணப்பம் வெளியாகிவிடும். எஸ்பாசெனட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய இணையத் தளங்களில் காசில்லாமல் படிக்கலாம். சொல்லைப் போட்டுத் தேடினால் தலை சுற்றும். விண்ணப்பம் எழுதுகிறவர்கள் பேனாவைக்கூட ‘எழுதும் சாதனம்’ என்றுதான் எழுதுவார்கள். உங்கள் சிக்கலுக்கு நெருக்கமான ஒரே ஒரு ஆவணத்தைக் கண்டுபிடியுங்கள். அதில் உள்ள வகைப்பாட்டுக் குறியீட்டைப் போட்டு மறுபடி தேடுங்கள். பிறகு அது மேற்கோள் காட்டுபவை, அதை மேற்கோள் காட்டுபவை என்று முன்னும் பின்னும் போங்கள். காப்புரிமையின் காலம் பொதுவாக விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டு. காலம் முடிந்த ஒன்றைக் கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அதன் மேல் வேறு காப்புரிமை இருக்கலாம், அதைப் பயன்படுத்தும் முன் வல்லுநரைக் கேட்டேயாக வேண்டும். நீங்களே காப்புரிமை வாங்க எண்ணினால், விண்ணப்பிக்கும் முன் வெளியாருக்குச் சொன்னதே உங்களுக்கு வினையாகலாம். இரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டு வாய் திறப்பது நல்லது.

6. வந்த அறிவை உள்ளே இறக்குங்கள்

வெளியிலிருந்து நல்ல பதிலே வந்தாலும் வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் வேண்டும். கோஹன், லெவிந்தால் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் இதை உள்வாங்கும் திறன் என்று குறிப்பிட்டார்கள். ஒரு துறையில் ஏற்கெனவே கொஞ்சமாவது கைவைத்திருக்கும் நிறுவனத்தால்தான் அந்தத் துறையின் புது அறிவை அடையாளம் காணவும் பயன்படுத்தவும் முடியும். ஆகவே ஆராய்ச்சியை முழுவதுமாக வெளியே கொடுத்துவிட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துப் பேசுங்கள்.

நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கிளையில் ஓடுவது இன்னொரு கிளையில் ஏன் ஓடுவதில்லை? ‘அவர்களுக்கு மனசில்லை’ என்பது நாம் சட்டென்று சொல்கிற காரணம். கேப்ரியல் ஸுலான்ஸ்கி 1996இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வாங்குபவருக்கு உள்வாங்கும் திறன் போதாமை, ஒரு முறை ஏன் பலிக்கிறது என்று கொடுப்பவருக்கே தெளிவாகத் தெரியாமை, இருவருக்கும் இடையே ஒட்டாத உறவு ஆகியவைதான் முக்கியத் தடைகள். எனவே குறிப்பு அட்டையை அனுப்பிவிட்டுக் கைகழுவாதீர்கள். சொன்னவரையே இரண்டு நாள் அங்கே அனுப்புங்கள்.

சோதனை முடிந்ததும் சம்பந்தப்பட்டவர்கள் அரைமணி நேரம் உட்காருங்கள். அமெரிக்க ராணுவம் நெடுங்காலமாகச் செய்துவரும் பின்னாய்வுக் கூட்டத்தின் கேள்விகளே போதும்: என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த தடவை என்ன செய்வோம். யார் மேல் தப்பு என்ற பேச்சு எழுந்தால், நடத்துபவர் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரே ஒரு தடவை அந்தக் கூட்டத்தில் சொன்னதை வைத்து ஒருவரைத் தண்டித்துவிட்டால், அப்புறம் அந்த மேசையில் உண்மை பேச ஆள் இருக்காது.

சில சமயம் பதில் முதலில் வந்துவிடும், கேள்வி பல வருடம் கழித்து வரும். 3எம்மில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் உருவாக்கிய பசை லேசாகத்தான் ஒட்டியது, சுலபமாகப் பெயர்ந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் விடாமல் உள்கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அப்படிக் கேட்டிருந்த ஆர்ட் ஃப்ரை, பாட்டுப் புத்தகத்தில் நழுவி விழும் அடையாளச் சீட்டுக்கு 1974இல் அதை நினைத்துப் பார்த்தார். 1980இல் போஸ்ட்-இட் என்ற ஒட்டுச் சீட்டு அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. இதற்காகவே மாதம் ஒருமுறை, ‘எதற்கு என்று தெரியாதவை’ என்று ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். நிகழ்ச்சி நிரல் வேண்டாம், முடிவும் வேண்டாம்.

7. எதை எண்ணுவது, எதை நீக்குவது

மேலிடம் கணக்கு கேட்கும். ஏற்றிய கோப்புகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால், அடுத்த காலாண்டில் குப்பை இரட்டிப்பாகும். கேள்வி வந்த நாளுக்கும் பயன்படக்கூடிய பதில் கிடைத்த நாளுக்கும் இடையே உள்ள காலம், எழுதியவர் அல்லாத ஒருவர் பயன்படுத்திய அட்டைகள், அதனால் மாறிய முடிவுகள். இந்த மூன்றைக் கொடுங்கள். மாறிய முடிவுகளை எண்ணாக இல்லாமல், ஒவ்வொன்றையும் இரண்டு வரிக் கதையாக எழுதுங்கள்.

அறிவு மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 30401 என்ற சர்வதேசத் தரநிலை 2018இல் வந்திருக்கிறது. பெரிய வாடிக்கையாளர் கேட்டால் ஒழிய முதல் வருடத்தில் அதன் பக்கம் போக வேண்டாம். உங்கள் அட்டைகள் ஓடத் தொடங்கியபின் படித்தால்தான் அதில் சொல்வது விளங்கும்.

மறுபடி பார்க்க வேண்டிய தேதி தாண்டிய அட்டைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதியவரிடமே அனுப்புங்கள். “இன்னும் சரியா?” என்று ஒரே கேள்வி. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், தேடலில் வராதபடி காப்பகத்துக்கு மாற்றிவிடுங்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால், அந்த அட்டையை அதிகம் பயன்படுத்தியவர் பெயரில் மாற்றுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் அதுவும் காப்பகத்துக்கே.